ஒரு முத்துச் சரம் வந்த வழி

ஹைதராபாத்துக்கு அருகில் கடல் கிடையாது. ஆனாலும் கல்யாணத்துக்கு முத்து எடுக்க வேண்டுமென்றால் அந்த ஊர்ப் பெயர்தான் முதலில் வாயில் வருகிறது. சார்மினாரை ஒட்டிய பத்தர்கட்டிக் கடைகளில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் சரங்களில் பெரும்பாலானவை சீனாவில் விளைந்தவை. செஜியாங் மாகாணத்து ஜூஜி இதில் பேர்போன ஊர். இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. அந்த முத்து பட்ட பாடு தெரிந்தால் சுருங்காது.

அங்கே நன்னீர்ச் சிப்பியை லேசாகத் திறந்து, வேறொரு சிப்பியின் சதையிலிருந்து வெட்டிய சின்னஞ்சிறு துணுக்குகளை உள்ளே செருகுகிறார்கள். துணுக்கு கொடுத்த சிப்பி செத்துப்போகும். வாங்கிக்கொண்ட சிப்பி வலைப்பைக்குள் மிதவைகளின் கீழே, குளத்து நீரில் தொங்கும். செருகிய சதை சிறு பையாக வளரும். சிப்பி தன் ஓட்டின் உட்புறத்தில் பூசிக்கொள்ளும் அதே பளபளப்பு இந்தப் பைக்குள்ளும் படலம் படலமாகச் சேரும். ஒரே சிப்பிக்குள் இருபது, முப்பது முத்துகள். இரண்டு வருஷம் முதல் ஆறு வருஷம் வரை காத்திருப்பு. நடுவில் மணி எதுவும் வைக்காததால் கிட்டத்தட்ட முழுவதும் முத்துப்படலமே. கடலில் வளர்க்கும் அக்கோயா முத்து அப்படியல்ல. அதற்குள் சிப்பி ஓட்டில் கடைந்த மணி இருக்கும். மேலே ஏறுவது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான படலம். உருட்சியிலும் ஒளியிலும் அக்கோயாவுக்கு ஈடு சொல்வது கடினம்தான். ஆனால் பேத்தி கழுத்துவரை போக வேண்டிய நகை என்றால் நான் நன்னீர் முத்தைத்தான் சொல்வேன். தேய்ந்தாலும் அடியிலும் முத்துதான் இருக்கிறது.

எடுத்த முத்தைக் கழுவி, வெளுத்து, மெருகேற்றிப் பிரிக்கிறார்கள். பிரிப்பது லேசான வேலையல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் வியாபாரிகள் இதற்குப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். முதல் சல்லடையில் இருபது துளை, கடைசியில் ஆயிரம். அளவு பிரிந்தபின் உருட்சியும் ஒளியும் பார்த்துத் தரம் சொன்னார்கள்; உச்சத்தில் நின்றது ஆணிமுத்து. தூத்துக்குடிப் பக்கம் அந்தக் குளிப்பு 1961-ஓடு ஓய்ந்துவிட்டது. அதனால் பாட்டியின் நகைப்பெட்டியில் பழைய முத்து கிடந்தால், புதிது வாங்கக் கிளம்பும் முன் அதை வெளியே எடுங்கள். கடலில் தானாக விளைந்ததா, வளர்த்ததா என்று பல்லில் தேய்த்துச் சொல்ல முடியாது. சொரசொரப்பு இரண்டிலும் உண்டு. ரத்தினச் சோதனைக்கூடத்து எக்ஸ்ரேதான் சொல்லும்.

ஹைதராபாத் முத்து நகரமானது நிஜாம்களால். பாரசீக வளைகுடாவின் முத்துகள் பஸ்ரா முத்து என்ற பெயரில் அரண்மனைக்குப் போயின. 1995-ல் இந்திய அரசு 218 கோடி ரூபாய்க்கு வாங்கிய நிஜாம் நகைகளில், ஏழு சரங்கள் கொண்ட பஸ்ரா முத்து சத்லடாவும் ஒன்று. வளைகுடா முத்து வரத்து நின்ற பிறகும் துளைக்கிற கையும் கோர்க்கிற கையும் அந்த ஊரில் தங்கிவிட்டன.

துளைக்கிறவரின் கண்ணை நான் மிகவும் மதிக்கிறேன். ஒவ்வொரு முத்தையும் உருட்டிப் பார்த்து, எங்கே வடு இருக்கிறதோ அங்கேதான் ஊசியை வைப்பார். குறை துளையோடு போய்விடும். அழகான முகம் வெளியே நிற்கும். ஒரே பக்கத்திலிருந்து குத்தினால் மறுபக்கம் சில்லு தெறிக்கும். ஆகவே இரண்டு பக்கமும் துளைத்து நடுவில் சேர்ப்பார்கள். கோணல் துளை விழுந்த முத்து சரத்தில் ஒருபோதும் நேராக உட்காராது. கடையில் சரத்தை வெள்ளைத் துணிமேல் கிடத்தி மெல்ல உருட்டினால் அது தள்ளாடிக் காட்டிக்கொடுக்கும்.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஜன்னலின் விளிம்பு முத்தின்மேல் கூர்மையாகத் தெரிந்தால் நல்ல ஒளி. பால் கலங்கினாற்போல் இருந்தால் வேண்டாம். பெரிய மங்கல் முத்தைவிடச் சின்ன ஒளிமுத்து பட்டுப்புடவைமேல் நன்றாக எடுபடும். அக்கோயா என்றால் உருப்பெருக்கியால் துளைக்குள் பாருங்கள். படலமும் மணியும் சேரும் கோடு தெரியும். படலம் மெலிதாக இருந்தால் அதை விட்டுவிடலாம். கருப்பு நன்னீர் முத்து என்று காட்டினால் அது சாயமோ கதிர்வீச்சோ ஏற்றியது. பிடித்திருந்தால் வாங்கலாம், ஆனால் நிறம் ஏற்றிய முத்தின் விலைக்கு மட்டும்.

நூலையும் கேளுங்கள். ஒவ்வொரு முத்துக்கும் இடையே முடிச்சுப் போட்டுப் பட்டுநூலில் கோர்த்த சரத்தில் முத்தோடு முத்து உரசாது. அறுந்தாலும் ஒன்றுதான் கீழே விழும். மண்டபத்து ஜமக்காளத்தில் முழுச் சரமும் சிதறினால் எல்லாம் திரும்பக் கிடைக்காது.

முகூர்த்த நாளில் முத்துக்குப் பகை நிறைய. முத்து பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. வியர்வையின் அமிலம் அதை மெதுவாக அரிக்கும். சென்ட், முடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே, மஞ்சள், குங்குமம் எதுவும் ஆகாது. அலங்காரம் முழுக்க முடிந்து, கடைசியாகச் சரத்தைப் போடட்டும். ஓமத்தீயின் அருகில் நெடுநேரம் உட்கார வேண்டியிருந்தால் முத்தை வரவேற்புக்கு வைத்துக்கொண்டு, ஓமத்தின்போது தங்கம் மட்டும் போடுவது நல்லது. கழற்றியதும் ஈரம் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, துணி விரித்துக் கிடத்தி உலர விடுங்கள். தொங்கவிட்டால் நூல் நீளும். தங்கமும் வைரமும் கிடக்கும் பெட்டியில் போட்டால் கீறல் விழும். தனித் துணிப்பை வேண்டும். நகைக்கடையில் அதிர்வுத் தொட்டியில் போட்டுக் கழுவித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

லாக்கரில் பிளாஸ்டிக் பையில் கட்டி வருஷக்கணக்கில் வைப்பதைப் போல் முத்துக்குச் செய்யும் கெடுதல் வேறில்லை. முத்துக்குள் கொஞ்சம் ஈரம் உண்டு. அது வற்றினால் வெடிப்பு விழும். விசேஷங்களுக்குப் போடுங்கள். முத்துகளுக்கு இடையே நூல் அழுக்கேறித் தெரிந்தாலோ, இடைவெளி விழுந்தாலோ கோர்க்கிறவரிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் முத்துகளை எண்ணி, சரத்தைப் படம் எடுத்து, அதே வரிசையில் கோர்க்கச் சொல்லுங்கள்.