எங்கே எரிந்தது, எத்தனை முறை எரிந்தது: அமெரிக்கப் பொது நிலங்களில் பழைய காட்டுத்தீ வரைபடங்கள்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஏறத்தாழப் பாதி நிலம் கூட்டாட்சி அரசுக்குச் சொந்தம்; நெவாடாவில் அது ஐந்தில் நான்கு பங்கு. வனத்துறை, நில மேலாண்மைத் துறை, தேசியப் பூங்காத் துறை ஆகியவை இதைப் பராமரிக்கின்றன. எங்கே மேய்ச்சலை நிறுத்துவது, எங்கே விதை தூவுவது, எங்கே திட்டமிட்டுத் தீ வைப்பது என்று முடிவு செய்யும்போது அவை பழைய காட்டுத்தீ வரைபடங்களைப் பார்க்கின்றன. ஆனால் ஓர் இடம் எரிந்ததா இல்லையா என்று மட்டும் சொல்லும் வரைபடம் இம்முடிவுகளுக்குப் போதாது. எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில், எவ்வளவு கடுமையாக எரிந்தது என்பவையும் அதில் இருக்க வேண்டும்.

மிகப் பழைய சான்று மரங்களிலேயே உள்ளது. தீயில் சாகாமல் தப்பிய மரத்தின் அடியில் தழும்பு விழுகிறது. ஆண்டு வளையங்களை எண்ணினால் தீயின் ஆண்டு தெரியும், பல வேளைகளில் பருவமும் தெரியும். சியரா நெவாடா மலைத்தொடரின் செகோயா மரங்களிலிருந்து இவ்வாறு 1,500 ஆண்டுகளுக்கும் மேலான தீ வரலாறு திரட்டப்பட்டுள்ளது. காலத்தைத் துல்லியமாகச் சொல்லும் இச்சான்று, தீ எதுவரை பரவியது என்பதைத் தோராயமாகவே காட்டும்.

இருபதாம் நூற்றாண்டின் கைவரைபடங்களில் நிலைமை தலைகீழ். 1910 ஆகஸ்டில் ஐடஹோ, மான்டானா பகுதிகளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தபின் தீயணைப்பே வனத்துறையின் தலையாய வேலையாயிற்று. எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுப்படுத்த வேண்டும் என்று 1935இல் விதி வந்தது. அணைப்புப் பணிக்காக வரையப்பட்ட எல்லைக்கோடு தீயின் வெளி விளிம்பைக் காட்டுமே தவிர, உள்ளே நடந்ததைக் காட்டாது. 1988இல் யெல்லோஸ்டோன் பூங்காவின் 36 விழுக்காடு தீக்குள்ளானது. அங்கும் உச்சிவரை கருகிய காட்டை ஒட்டியே தரைச்சருகு மட்டும் எரிந்த திட்டுகளும் இருந்தன. இரண்டையும் ஒரே நிறத்தில் தீட்டிய வரைபடத்தை நம்பி மறுநடவுக்குப் பணம் ஒதுக்குவது வீண் செலவு.

இக்குறையை லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் பெருமளவு தீர்த்தன. பசுமையான இலை அண்மை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாக எதிரொளிக்கும். எரிந்த நிலத்தில் அது குறைந்து, குற்றலை அகச்சிவப்பு கூடும். இவ்விரண்டின் விகிதத்தைத் தீக்கு முந்தைய, பிந்தைய படங்களில் ஒப்பிட்டால் எரிதீவிரம் கிடைக்கும். 1984 முதலான தீகளை இம்முறையில் பதிவு செய்யும் கூட்டாட்சித் திட்டம், மேற்கில் 1,000 ஏக்கருக்கும் கிழக்கில் 500 ஏக்கருக்கும் குறையாதவற்றையே எடுத்துக்கொள்கிறது. எரிந்த மொத்தப் பரப்பில் பெரும்பங்கு சில பெருந்தீகளுடையது என்பதால் இவ்வரம்பு ஏற்கத்தக்கதே. ஆனால் விட்டுப்போன சிறு தீகளின் இடத்தை ‘எரியாத நிலம்’ என்று வாசிக்கக் கூடாது. மேலும், புல்வெளியில் எரிந்த தடம் சில வாரங்களிலேயே பசுமையில் மறையும். ஒரு லேண்ட்சாட் அதே இடத்துக்கு 16 நாளுக்கு ஒருமுறைதான் வரும், அன்று மேகம் இருந்தால் அதுவும் பயன்படாது.

பல துறைகளின் பதிவுகளை ஒன்றிணைக்கும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. ஒரே தீ இரண்டு பெயரில், சற்றே விலகிய இரண்டு எல்லைகளோடு இருக்கக்கூடும். இரட்டைப் பதிவை நீக்காவிட்டால் ஒருமுறை எரிந்த இடம் இருமுறை எரிந்ததாகக் கணக்காகும். சலிப்பூட்டும் இந்தச் சலித்தெடுக்கும் வேலையில்தான் வரைபடத்தின் நம்பகம் அடங்கியுள்ளது, ஏனெனில் ஓர் இடம் எத்தனை முறை எரிந்தது என்பதே மேலாண்மைக்கு மிக முக்கியமான எண்.

நெவாடாவை உள்ளடக்கிய கிரேட் பேசின் வறள்நிலம் இதற்குச் சான்று. அங்குள்ள பெரிய சேஜ் புதர் எரிந்தால் வேரிலிருந்து துளிர்க்காது. விதையிலிருந்துதான் மீள வேண்டும், அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். யூரேசியாவிலிருந்து வந்த சீட்கிராஸ் என்னும் ஓராண்டுப் புல்லோ கோடைத் தொடக்கத்திலேயே காய்ந்து தீக்கு இரையாகி, மறு ஆண்டு இன்னும் அடர்ந்து முளைக்கும். ஒருமுறை எரிந்த இடத்தில் சேஜ் விதை தூவுவதில் பொருளுண்டு. குறுகிய காலத்தில் மூன்று முறை எரிந்த இடத்தில் சீட்கிராஸை முதலில் அடக்காமல் தூவும் விதை பெரும்பாலும் வீண். வறண்ட பாண்டரோசா பைன் காடுகளில் இதே எண்ணை எதிர்த்திசையில் வாசிக்க வேண்டும். 1984க்குப் பின் ஒரு தீயும் பதிவாகாத காடு பாதுகாப்பானதாகத் தோன்றும். மரத்தழும்புகளோ, முன்பு அது சில ஆண்டுகளுக்கோ ஓரிரு பத்தாண்டுகளுக்கோ ஒருமுறை மெல்லிய தரைத்தீயில் எரிந்துவந்ததைச் சொல்கின்றன. தீ நின்ற காலமெல்லாம் அங்கே சருகும் இளமரங்களும் சேர்ந்துகொண்டிருந்தன. திட்டமிட்ட தீக்கும் மரத்தொகை குறைப்புக்கும் முதலில் தேர்வு செய்ய வேண்டியவை, வரைபடத்தில் வெற்றிடமாக உள்ள இத்தகைய காடுகளே.