சோழியில் ஓடிய புரோகிராம்

பழவேற்காடுன்னு சொன்னதும் டச்சுக்காரங்க கதைன்னு நினைச்சிருப்பீங்க. 1613ல கட்டின கெல்ட்ரியா கோட்டையை இன்னொரு எபிசோட்ல பார்க்கலாம். இன்னைக்கு விஷயம் வேற.

சமீபத்துல பசியாவரம் பக்கம் படகுல போனேன். "தண்ணி எப்பண்ணே ஏறும்?"னு கேட்டேன். "அமாவாசை போய் நாலு நாள் ஆச்சு தம்பி. நேத்து ஏறின நேரத்துக்கு முக்கால் மணி தள்ளி ஏறும்"னார். ஏன் தள்ளிப் போகுதுன்னு கேட்டா, "அது அப்படித்தான்." எனக்கு ஏன்னு தெரியும்: நிலாவோட ஈர்ப்பு, அது தினமும் சுமார் 50 நிமிஷம் தாமதமா உதிக்கிறது, எல்லாம் படிச்சிருக்கேன். ஆனா போன்ல சிக்னல் இல்லைன்னா எப்பன்னு சொல்ல எனக்குத் தெரியாது.

இந்த ரெண்டு பேர்ல யாருக்குப் புரிஞ்சிருக்கு? இதே கேள்வி 200 வருஷத்துக்கு முன்னாடி பாண்டிச்சேரியில வந்திருக்கு.

ஜான் வாரன் பிறப்பால பிரெஞ்சுக்காரர், வேலை பார்த்தது ஆங்கிலேயப் படையில. மெட்ராஸ் வானாய்வகத்தைச் சில வருஷம் கவனிச்சவர். தென்னிந்தியக் காலக்கணக்கு முறைகளைப் பத்தி 'கால சங்கலித'ன்னு ஒரு தடிமனான புத்தகம் எழுதி, 1825ல மெட்ராஸ்ல வெளியிட்டார். அதுக்காக ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைத் தேடிப் போறார். அந்த மனுஷன் தரையில சோழிகளை அடுக்கி, தாள் இல்லாம, பேனா இல்லாம, 1825 மே 31 ராத்திரி வரவேண்டிய சந்திர கிரகணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அட்டவணை எல்லாம் அவர் தலைக்குள்ள. எப்படி? எழுத்துக்கு எண். க, ட, ப, ய நாலுக்கும் மதிப்பு 1. இப்படி எண்களைச் சொற்களாக்கி மனப்பாடம் செய்யறாங்க. இதுக்குப் பேர் வாக்கிய முறை. நிலாவுக்கு மட்டும் 248 வாக்கியம், நாளுக்கு ஒண்ணு. 248 நாள்ல நிலா வேகமாகி மெதுவாகுற சுற்று கிட்டத்தட்ட சரியா 9 தடவை முடியும், அப்புறம் முதல்லேர்ந்து. நம்ம பாஷையில லுக்கப் டேபிள். சோழிதான் ரேம்.

விடை சரியா? தொடக்கத்துல 4 நிமிஷம் பிழை. நடுவுல 23. முடிவுல 52. பெருமை பேசறவங்க இந்தக் கடைசி எண்ணைச் சொல்ல மாட்டாங்க, அதனால நான் சொல்லிடறேன்.

வாரன் ஒண்ணு எழுதறார்: இவருக்குக் கோட்பாடு ஒரு வார்த்தைகூடப் புரியல, ஆனா அபாரமான ஞாபகம், கணக்கின் படிகளை மனசுலயும் தரையிலயும் தெளிவா அடுக்கத் தெரியுது. இதைப் படிச்சப்ப எனக்குச் சுருக்குனுச்சு. வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு சீனியர், "நீ புரிஞ்சு எழுதல, பேட்டர்ன் பார்த்து ஒட்டற"ன்னார். உண்மைதான். கோடும் ஓடுச்சு. ஆனா உடைஞ்சப்ப எங்க உடைஞ்சுதுன்னு எனக்குத் தெரியல.

அந்தப் பஞ்சாங்கக்காரருக்கும் அதே சிக்கல்தான். அட்டவணை நூற்றாண்டுக் கணக்குல மெல்ல நகர்ந்தா, 52 நிமிஷத்தைத் திருத்த அவர்கிட்ட வழி இல்லை. திருத்த, காரணம் தெரியணும். ஆனா காரணம் மட்டும் தெரிஞ்ச ஆளுங்க இருந்திருந்தா, அச்சு இல்லாத காலத்துல அந்த எண்கள் நமக்கு வந்தே சேர்ந்திருக்காது. 1952ல கணித வரலாற்றாசிரியர் ஆட்டோ நாய்கபவர் வாரனோட குறிப்புகளை எடுத்து அலசினார். இந்த 248 நாள் சுற்று பாபிலோனியக் களிமண் பலகைகள்லயும் இருக்குன்னு காட்டினார். ஈராயிரம் வருஷம் தாண்டின ஒரு எண், ஏன்னு கேக்காத ஒருத்தர் வாயில உயிரோட இருந்திருக்கு.

இன்னைக்கும் நம்ம ஊர்ல ரெண்டு கட்சி உண்டு. வாக்கியம், திருக்கணிதம். 2025 மார்ச்ல சனிப்பெயர்ச்சின்னு டிவில பரபரப்பா பேசினாங்களே, திருநள்ளாறு கோயில் 2026லதான்னு சொல்லிடுச்சு. எங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல அந்தச் சண்டை இன்னும் ஓயலை.