பொலிகாளையைத் தெரிவு செய்தல்: கண்ணும் கணக்கேடும்

ஒரு பசு தன் ஆயுட்காலத்தில் ஈனும் கன்றுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு பொலிகாளையின் கன்றுகளோ ஆயிரக்கணக்கில், இந்நாளில் இலட்சக்கணக்கில் கூடப் பெருகக்கூடியவை. பசுவைத் தெரிவு செய்வதில் நேரும் தவறு ஒரு பட்டியோடு முடிந்துவிடும். காளையைத் தெரிவு செய்வதில் நேரும் தவறு ஒரு நாட்டின் மந்தை முழுவதிலும் பரவும். அதனாற்றான், பிறந்த நாம்பன் கன்றுகளுள் எதனைப் பொலிக்கு விடுவது, எதனை நலமடித்து ஏருக்கும் வண்டிக்கும் பழக்குவது என்ற கேள்வி கால்நடை வளர்ப்பில் மிகப் பழையதாகவும் மிகக் கடினமானதாகவும் இருந்து வந்திருக்கிறது.

கறவை மாடுகளைப் பொறுத்தவரை இக்கேள்விக்குள் ஒரு விசித்திரமான முடிச்சு உண்டு. காளை பால் தருவதில்லை. எந்தக் குணத்துக்காக அதனைத் தெரிவு செய்கிறோமோ, அந்தக் குணத்தை அதன் உடலில் ஒருபோதும் காண முடியாது. காணமுடியாத ஒன்றை மதிப்பிடுவதற்கு மனிதன் மேற்கொண்ட முயற்சிகளே இத்துறையின் வரலாறு என்று நான் கருதுகிறேன்.

முதலிற் கைகொடுத்தது கண். எம்மவர் மாடு வாங்கும்போது சுழி பார்ப்பதை அறிவோம். நெற்றியிலும் முதுகிலும் மயிர் சுழிந்திருக்கும் இடத்தைக் கொண்டு மாட்டின் குணத்தையும், வாங்குபவனின் அதிர்ஷ்டத்தையுங் கூடச் சொல்லிவிடுவார்கள். இதனைக் கீழைத்தேய மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர் பிரான்சின் பிரான்சுவா கெனோனின் கதையை அறிந்திருக்க வேண்டும். மாட்டின் பின்புறத்தில், மடிக்கு மேலே மயிர் மேல்நோக்கி வளர்ந்திருக்கும் பரப்பின் வடிவைக் கொண்டு அது எவ்வளவு பால் தரும் என்று கணிக்கலாம் என அவர் 1830களில் வாதிட்டார். அந்த அடையாளம் கன்றுகளிலும் காளைகளிலும் உண்டு என்பதும் அவர் கூற்று. அவருடைய நூல் அத்திலாந்திக்கைக் கடந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் இம்முறையைப் பரிசோதிக்க ஓர் ஆணைக்குழுவையே அமைத்தது. பிற்காலத்தில் பால் நிறுத்துப் பார்க்கப்பட்டபோது இக்கொள்கை நிலைக்கவில்லை. சுழி பார்த்தவர்கள் எம்மூரில் மட்டும் இருக்கவில்லை.

கண்ணின் தீர்ப்பை ஒழுங்குபடுத்த முயன்றவர்கள் ஜேர்சித் தீவினர். 1833இல் அங்கு அமைக்கப்பட்ட விவசாயச் சங்கம், மறு ஆண்டிலேயே மாட்டின் ஒவ்வோர் அங்கத்துக்கும் புள்ளி வழங்கும் அட்டவணை ஒன்றைத் தயாரித்தது. தலைக்கு இத்தனை, முதுகுக்கு இத்தனை, மடிக்கு இத்தனை என்று கூட்டிப் பரிசளிக்கும் முறை இவ்வாறே பரவியது. கால்நடைக் கண்காட்சிகளில் இன்றும் நடுவர்கள் இவ்வழியிலேயே செல்கின்றனர். கால் வளைவு, குளம்பு, முதுகெலும்பு முதலியவற்றில் உள்ள குறைகளைக் கண்டுபிடிக்கக் கண் போதும். பாலைக் கண்டுபிடிக்கப் போதாது.

இதனை 18ஆம் நூற்றாண்டிலேயே உணர்ந்து செயற்பட்டவர் இங்கிலாந்தின் லெஸ்ரர்சயரைச் சேர்ந்த றொபேட் பேக்வெல் (1725 – 1795). தனது ஆட்டுக்கடாக்களையும் காளைகளையும் அவர் விற்பதைக் காட்டிலும் பருவகாலத்துக்கு வாடகைக்கு விடுவதையே விரும்பினார். இது வெறும் வருமானத் தந்திரம் அன்று. பிறருடைய பண்ணைகளில் அவற்றின் குட்டிகளும் கன்றுகளும் எவ்வாறு வளர்கின்றன என்பதை நேரிற் சென்று பார்க்கவும், சிறந்தவற்றைத் தந்த தந்தையைத் திருப்பியழைத்துத் தன் மந்தையிற் பயன்படுத்தவும் அது வழிசெய்தது. தந்தையைப் பிள்ளைகளைக் கொண்டு மதிப்பிடும் முறைக்கு அப்போது பெயர் இருக்கவில்லை; ஆயினும் முறை இருந்தது.

அவருக்குப் பின் வந்த கொலிங் சகோதரர்களின் புகழ் வேறு வகையானது. சார்ல்ஸ் கொலிங் வளர்த்த 'கொமெட்' என்ற சோட்ஹோர்ன் இனக் காளை 1810இல் ஏலத்தில் 1000 கினிகளுக்கு விலைபோனது. ஒரு காளை அவ்விலையை எட்டியது அதுவே முதற் தடவை. அதன் வம்சாவளியோ திகைக்க வைப்பது. 'பேவரிட்' என்ற காளை தன் தாயோடு சேர்ந்து பெற்ற மகளை, மீண்டும் அதே 'பேவரிட்'டுடன் சேர்த்துப் பெறப்பட்டதே கொமெட். நல்ல இரத்தத்தைச் செறிவாக்குவதே வெற்றியின் இரகசியம் என்ற எண்ணம் அக்காலத்திலேயே வேரூன்றிவிட்டது. அச்செறிவின் விலை பின்னரே தெரியவந்தது.

கணக்கேட்டின் காலம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆரம்பமாகிறது. பாலின் கொழுப்பை எளிதாக அளக்கும் முறையை அமெரிக்காவின் ஸ்டீபன் பப்கொக் 1890இல் வெளியிட்டார். 1895இல் டென்மார்க்கின் வேயன் என்ற ஊரில் விவசாயிகள் கூடி, ஒவ்வொரு பசுவின் பாலையும் காலந்தோறும் அளந்து பதியும் சங்கத்தை நிறுவினர். இப்பதிவேடுகள் இல்லாவிடில் இதன்பின் நிகழ்ந்த எதுவும் நிகழ்ந்திருக்காது. காளையின் மகள்மாரது பாலை அவர்களின் தாய்மாரது பாலோடு ஒப்பிட்டு, மகள்மார் விஞ்சியிருந்தால் காளை நல்லது என்று தீர்மானிக்கும் முறை இதன் வழியே வந்தது.

இம்முறையிலும் ஒரு பொறி இருந்தது. தாய் கறந்த காலமும் மகள் கறந்த காலமும் ஒன்றல்ல. இடையில் தீவனம் சீரடைந்திருந்தால், அதன் பெருமை முழுவதும் காளையின் கணக்கிற் சேர்ந்துவிடும். எடின்பரோவில் பணியாற்றிய அலன் றொபேர்ட்சனும் ஜேம்ஸ் றென்டெலும் 1950களில் இதற்குத் தீர்வு கண்டனர். ஒரே காலத்தில், ஒரே பட்டியில் கறக்கும் வேறு காளைகளின் மகள்மாரோடு ஒப்பிட்டால் தீவனமும் காலநிலையும் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். இவ்வொப்பீடு பல பட்டிகளில் நிகழ வேண்டுமானால் ஒரு காளையின் மகள்மார் பல பட்டிகளிலும் இருக்க வேண்டும். செயற்கை முறைச் சினைப்படுத்தலே அதனை இயலச் செய்தது.

1949இல் பிரித்தானிய விஞ்ஞானிகள் கிளிசரின் சேர்த்து விந்தை உறைய வைக்கும் வழியைக் கண்டறிந்தமை அடுத்த திருப்பம். காளைக்கு ஏறத்தாழ ஒரு வயதானதும் விந்து சேகரிக்கப்படும். சினைக்காலம் 9 மாதங்கள். பிறந்த பெண்கன்று வளர்ந்து தலையீற்று ஈன 2 ஆண்டுகளுக்கு மேல். பின்னர் 305 நாட்கள் கறந்து பார்க்க வேண்டும். தீர்ப்பு வரும்போது காளைக்கு 5 வயது கடந்திருக்கும். அதுவரை காளைகள் கொட்டிலிற் காத்திருக்கும். பரீட்சையிற் தேறியவை சிலவே; ஏனையவை இறைச்சிக்குப் போயின. தேறியவற்றின் விந்தோ கண்டம் விட்டுக் கண்டம் சென்றது.

அவ்வாறு தேறியவற்றுள் ஒன்றுதான் 1962இல் நெப்ராஸ்காவிற் பிறந்த 'போனி பாம் ஆர்லிண்டா சீப்' என்ற ஹொல்ஸ்டீன் காளை. 16,000 மகள்மார்; 5 இலட்சம் பேத்திமார்; 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பூட்டிமார். அமெரிக்க ஹொல்ஸ்டீன் இனத்தின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 14 வீதம் இந்த ஒரு காளையிலிருந்து வந்ததென்று பின்னர் கணக்கிடப்பட்டது. கணக்கேடு சீப்பைக் குறித்துப் பொய் சொல்லவில்லை. அதன் மகள்மார் உண்மையிலேயே அதிகம் கறந்தனர்.

ஆனால் கணக்கேட்டில் இல்லாத ஒன்று சீப்பின் உடலில் இருந்தது. அதன் மரபணு ஒன்றின் ஒரு பிரதி பழுதடைந்திருந்தது. ஒரு பிரதி மட்டும் பழுதானால் மாட்டுக்கு எக்குறையும் இல்லை. தந்தை, தாய் இருவரிடமிருந்தும் பழுதான பிரதியே கிடைத்தால் முளையம் கருப்பையிலேயே அழியும். பரீட்சைக் காலத்தில் சீப்போடு சேர்க்கப்பட்ட பசுக்களிடம் அப்பழுது இல்லாததால் எதுவும் தென்படவில்லை. சந்ததி பெருகி, பேரன்மாரும் பேத்திமாரும் தமக்குள் இணைசேர்க்கப்பட்டபோதே இழப்புத் தொடங்கியது. அப்போதும் விவசாயி, பசு சினைப்படவில்லை என்று மட்டும் எண்ணி மறுபடியும் ஊசி போடுவித்தான்.

2011இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் ஆய்வாளர்கள் இதனைக் கண்டுபிடித்த விதம், பத்திரிகைத் தொழிலிற் காலம் கழித்த எனக்கு மிகவும் பிடித்தமானது. அவர்கள் நோயுற்ற மாட்டைத் தேடவில்லை. இல்லாத மாட்டைத் தேடினர். நிறமூர்த்தத்தின் குறிப்பிட்ட ஒரு துண்டின் இரு பிரதிகளையும் ஒருங்கே கொண்ட மாடுகள் கணக்கின்படி பல இருந்திருக்க வேண்டும். உயிரோடு ஒன்று தானும் இருக்கவில்லை. பிறவாதவற்றின் மௌனமே சாட்சியாயிற்று. உலகெங்கும் 35 ஆண்டுகளில் ஏறத்தாழ 5,25,000 கருச்சிதைவுகளும் 42 கோடி டொலர் இழப்பும் இதனால் ஏற்பட்டதாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது. அதே மதிப்பீடு, சீப்பின் வழியாக வந்த மேலதிகப் பாலின் பெறுமதியை 3000 கோடி டொலர் என்கிறது. ஆகவே சீப்பைத் தெரிவு செய்தது தவறு என்று சொல்லிவிட முடியாது. ஒரே காளையை அளவின்றிப் பயன்படுத்தியதே தவறு.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. பால் மட்டுமே எண்ணப்பட்டதால், ஹொல்ஸ்டீன் பசுக்கள் சினைப்படும் திறன் பத்தாண்டுக்குப் பத்தாண்டு சரிந்தது. மகள்மாரின் சினைப்படும் வீதம் 2003இலேயே அமெரிக்காவில் காளைகளின் மதிப்பீட்டிற் சேர்க்கப்பட்டது. எண்ணத் தொடங்கிய பின் சரிவு நின்றது.

2009 ஜனவரி முதல் அமெரிக்காவில் ஹொல்ஸ்டீன் இளங்காளைகள் மரபணுச் சோதனை மூலம் உத்தியோகபூர்வமாக மதிப்பிடப்படுகின்றன. கன்று பிறந்தவுடன் சில மயிர்களையோ ஒரு துளி இரத்தத்தையோ எடுத்து, ஏறத்தாழ 50,000 குறியீடுகளை வாசித்து, அதன் மகள்மார் எவ்வளவு கறப்பர் என்று கணிக்கின்றனர். ஐந்தாண்டுக் காத்திருப்பு ஒழிந்தது. சீப்பின் பழுது போன்றவையும் முன்கூட்டியே தெரிந்துவிடுகின்றன. ஆனால் இக்குறியீடுகளுக்குப் பொருள் தருவது, மகள்மாரின் பாலை அளந்து பதிந்த அந்தப் பழைய ஏடுகளே. ஏடு நின்றால் சோதனையும் குருடாகும்.

தலைமுறைகள் விரைவாக மாறுவதால் உறவுக்கலப்பும் விரைந்து கூடியிருக்கிறது. வட அமெரிக்காவில் செயற்கைச் சினைப்படுத்தலுக்குப் பயன்படும் ஹொல்ஸ்டீன் காளைகள் அனைத்தும் தந்தை வழியே 1880களில் வாழ்ந்த இரண்டே இரண்டு காளைகளிற் சென்று முடிவதாகப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டினர். பின்னர் அவர்கள், பல பத்தாண்டுகள் உறைநிலையிற் கிடந்த விந்தைக் கொண்டு, மறைந்துபோன இரண்டு தந்தைவழிகளை மீண்டும் உயிர்ப்பித்தனர். ஒருகாலத்தில் பயனற்றவை என்று ஒதுக்கப்பட்ட காளைகளின் விந்தை யாரோ எறிந்துவிடாமற் காத்தமையே அதற்கு உதவிற்று.

பிரீசியன், ஜேர்சி இனங்களை இறக்குமதி செய்து எமது மாடுகளோடு கலக்கும் இலங்கை, இந்தியா போன்ற நாடுகளுக்கு இவ்வரலாற்றில் நேரடியான பாடம் உண்டு. ஒரு காளைக்கு வழங்கப்படும் நற்சான்று, அதன் மகள்மார் கறந்த இடத்துக்கும் தின்ற தீவனத்துக்கும் உரியது. குளிர்நாட்டுத் தொழுவத்தில் பெற்ற சான்று, வெயிலிலும் உண்ணியின் நடுவிலும் வைக்கோல் தின்று வாழும் பசுவுக்குப் பொருந்துமா என்பதை இங்குள்ள மகள்மாரை அளந்தே அறிய வேண்டும். இரண்டு மாடுகளை வைத்திருக்கும் எமது குடியானவனின் வீட்டில் கணக்கேடு இல்லை. வேயனில் 1895இல் கூடியவர்களும் விவசாயிகளே. அவர்கள் செய்ததை நாம் செய்யாதவரை, பிறர் நாட்டுத் தீர்ப்பையே எம் மந்தைக்கும் தீர்ப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கிடையில், எவரும் அளந்து பாராத எமது நாட்டுக் காளைகள் ஒவ்வொன்றாக நலமடிக்கப்பட்டு மறைந்துகொண்டிருக்கும்.