உயிருக்கேற்ற உலகம்: ஒரு வினாவின் வரலாறு

நம் உடலிலும், உண்ணும் சோற்றிலும், எழுதும் பென்சில் முனையிலும் இருக்கும் தனிமம் கார்பன். இது எங்கே பிறந்தது? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தவர்கள் அதனினும் பெரியதொரு வினாவின் முன்னே போய் நின்றார்கள். அந்த வரலாற்றையே இன்று கூற விழைகிறேன்.

விண்மீன்களின் நடுவே மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் கூடிக் கார்பன் உண்டாகின்றதென 1952-இல் சால்பீட்டர் என்னும் அறிஞர் விளக்கினார். முதலில் இரண்டு கூடிப் பெரிலியம் ஆகும். கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட அது நிலைத்திராது. அதற்குள் மூன்றாவது வந்து சேர வேண்டும். இவ்வாறு பிறக்கும் கார்பன் மிகச் சொற்பம். அதுவும் மற்றொரு ஹீலியத்தோடு கூடி ஆக்ஸிஜனாகிவிடும் என்று கணக்கிட்டார் கேம்பிரிட்ஜ் அறிஞர் பிரெட் ஹாயில். ஆனால், பிரபஞ்சத்தில் கார்பன் ஏராளமாக இருக்கின்றதே! ஆகவே, கார்பன் அணுக்கருவுக்கு ஏறத்தாழ 76.8 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட் அளவில் ஒரு தனிச் சக்திநிலை இருந்தே தீர வேண்டுமென 1953-இல் துணிந்து கூறினார். கலிபோர்னியாவில் பாசடீனா நகரத்து ஆய்வுக்கூடத்தில் வார்டு வேலிங் முதலியோர் சோதித்தனர். அந்நிலை அங்கேயே இருந்தது!

உயிர்கள் வாழ்வதைக் கொண்டே ஹாயில் இதனை ஊகித்தார் என்று பல நூல்கள் கூறும். பழைய ஏடுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஹெல்கே கிராஹ், அது பிற்காலத்தார் ஏற்றிய பொருள் என்று 2010-இல் காட்டினார். ஹாயில் அன்று எண்ணியது கார்பனின் மிகுதியை, உயிரை அன்று.

அப்பொருள் எவ்வாறு வந்தது? கோபர்னிக்கஸ் பிறந்த 500-ஆவது ஆண்டான 1973-இல், போலந்து நாட்டுக் கிராக்கோ நகரில் பிராண்டன் கார்ட்டர் ஒரு கருத்தை வெளியிட்டார். நாம் இருப்பதற்கு இன்றியமையாத நிலைமைகளையே நாம் காண இயலும் என்பது அது. “இன்று வராதவர்கள் கைதூக்குங்கள்” என்று ஆசிரியர் கேட்டால் ஒரு கையும் உயராது; அதனால் அனைவரும் வந்துவிட்டனர் என்று முடிவு கட்டலாமா? உயிரில்லாத பிரபஞ்சங்கள் ஆயிரம் இருப்பினும், அவற்றில் கைதூக்குவார் இலர்.

ஆயினும், வந்தவர்கள் ஏன் வந்தார்கள் என்பதற்கு இது விடையாகாது. பிற பிரபஞ்சங்கள் உண்டென்பதற்கு நேர்ச்சான்றும் இல்லை. ஹாயிலோ, பேரறிவொன்று பௌதிக விதிகளை அமைத்தாற்போல் தோன்றுகிறதென 1981-இல் எழுதினார். ஆழ்ந்த விதியொன்று இதனை ஒருநாள் விளக்கும் என்பாரும் உளர்.

இவ்விடத்தில் கெப்ளரை நினைவுகொள்க. கோள்கள் ஆறாகவும், இன்ன தூரங்களிலும் இருப்பதற்குத் தனிக் காரணம் வேண்டுமென்று கருதி, ஐந்து சீர்திண்மங்களைக் கொண்டு 1596-இல் அழகியதொரு விளக்கம் தந்தார். பின்னர் யுரேனசும் நெப்டியூனும் காணப்பட்டன, விளக்கம் வீழ்ந்தது. பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்கள் பல்லாயிரம் கண்டறியப்பட்ட இக்காலத்தில், அத்தூரங்கள் தனி விளக்கம் வேண்டுவன அல்ல என்று அறிகிறோம். ஆனால், ஹாயில் எழுப்பிய வினா ஒரு சக்திநிலையைக் கண்டுபிடிக்கச் செய்தது.

ஆகவே, வியப்புத் தோன்றுமிடத்திலெல்லாம் தனிக் காரணம் உண்டென்று துணியவும் வேண்டா. இல்லையென்று தள்ளவும் வேண்டா. கண்ட உண்மை இது, அதன்மேல் நாம் ஏற்றிய பொருள் இது எனப் பிரித்தறியப் பழகுங்கள். அதுவே கல்வியின் பயன்.