நாம் வந்த வழி – 12: எஸ்.எஸ். ரஜூலா

ஈப்போ, சிலிபினில் லூர்து மாதா ஆலயத்தைச் சுற்றியுள்ள பழைய தமிழ்க் குடும்பங்களில் "உங்கள் முன்னோர் எப்படி வந்தார்கள்?" என்று கேளுங்கள். "ரஜூலா கப்பலில்" என்பார்கள். 1912இல் வந்தவருக்கும் இதே பதில் வரும். ஆனால் ரஜூலா கிளாஸ்கோவில் கட்டப்பட்டதே 1926இல்தான். அரை நூற்றாண்டுக்கு நெருக்கமாக ஓடியதால், அதற்கு முன் நம்மவரைச் சுமந்த கப்பல்களின் பெயர்களையும் அது மறக்கடித்துவிட்டது.

'எஸ்.எஸ்.' என்றால் ஸ்டீம் ஷிப். புகைக்கப்பல், நீராவிக் கப்பல் என்றெல்லாம் நம்மவர் அழைத்தது இதைத்தான். பாய்மரக் கப்பலாக இருந்தால் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போகப் பருவக்காற்று வேண்டும். கொதிகலனுக்குக் காற்றின் தயவு தேவையில்லை. புறப்படும் நாளும் சேரும் நாளும் முன்கூட்டியே தெரியும். மலாயாவின் ரப்பர் பால்மரத்துக்கோ அன்றாடம் ஆள் வேண்டும். 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி தொழிலாளியின் பயணச் செலவை ஏற்றது; கங்காணி ஆள் சேர்த்தார்; நீராவி அவர்களைத் தவறாமல் கொண்டுவந்து இறக்கியது. பேராக்கின் தோட்டங்கள் இந்த நீராவியால் உருவானவை என்றே சொல்வேன்.

ரஜூலாவுக்கு ஒரு காலத்தில் 5,000க்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தளப் பயணிகள். பாய் விரித்த இடமே படுக்கை. ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் கழிந்ததும் பினாங்கு. தோட்டத் தொழிலாளிகளுக்கு ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாம். பிறகு பிறையில் ரயிலேறி ஈப்போ.

கப்பலின் உரிமையாளர் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. இந்தப் பெயரை வாசகர்கள் மறக்கக்கூடாது. 1906இல் வ.உ.சிதம்பரனார் தம் சுதேசிக் கம்பெனியைத் தொடங்கி, 'காலியா', 'லாவோ' கப்பல்களைத் தூத்துக்குடி–கொழும்புத் தடத்தில் விட்டது இதே கம்பெனியை எதிர்த்துத்தான். அது கட்டணத்தைக் குறைத்து அவரை நெருக்கியது; அரசு 1908இல் அவரைச் சிறையில் தள்ளியது. அந்தத் தமிழ்க் கப்பல்கள் நிலைத்திருந்தால் மலாயாத் தடத்துக்கும் வந்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் உண்டு.

1973இல் ரஜூலா இந்தியக் கப்பல் கழகத்துக்குக் கைமாறி 'ரங்கத்' ஆனது. அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதன்பின் அதே தடத்தில் ஓடிய 'சிதம்பரம்' எம்.வி.; அதாவது டீசல் கப்பல். 1985இல் அது தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தும் நின்றது.

வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய பயணச்சீட்டு கிடந்தால், கப்பல் பெயருக்கு முன்னுள்ள அந்த இரண்டு எழுத்துகளையும் தேதியையும் பாருங்கள். உங்கள் குடும்பம் வந்த காலத்தைக் கணிக்க அது உதவும்.

அடுத்த வாரம்: ஜெரஜாக் தீவு.

(தொடரும்)