நேரசூசியின் அரசியல்: அமெரிக்கத் தொலைக்காட்சியும் கடந்தகால ஏக்கமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடுவயதைக் கடந்தோர் பலரிடம் விசித்திரமானதொரு ஞாபக சக்தியைக் காண்கிறோம். 1973ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை இரவுகளில் சி.பி.எஸ். வலையமைப்பு எந்த ஒழுங்கில் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பிற்று என்பதை அவர்கள் மனப்பாடமாகச் சொல்வர்: 8 மணிக்கு 'ஓல் இன் த ஃபமிலி', 8.30க்கு 'மாஷ்', 9 மணிக்கு 'மேரி டைலர் மூர்', 9.30க்கு 'பொப் நியூஹார்ட்', 10 மணிக்கு 'கரோல் பேர்னற்'. பழைய 'ரீ.வி. கைட்' இதழ்களைத் தேடிச் சேர்ப்போர் உளர். எந்த நாளில் எந்த நிகழ்ச்சி நீக்கப்பட்டு அதனிடத்தில் வேறொன்று வந்தது என்பதை ஆராய்வோரும் உளர். பார்த்தவற்றை மட்டுமன்றி, பார்க்கக் கிடைக்காமற் போனவற்றையும் நினைந்து ஏங்கும் இம்மனநிலையை வெறும் முதியோர் பலவீனமெனத் தள்ளிவிடுதல் எளிது. எம்மைப் போன்ற பொருள்முதல்வாத நோக்குடையோரிடத்து அவ்வாறு தள்ளிவிடும் பழக்கம் சற்று அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயின், ஏக்கம் என்பதும் ஒரு சமூக விளைபொருளே.

1950இல் அமெரிக்க வீடுகளில் ஏறத்தாழ 9 வீதமானவற்றிலேயே தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. பத்தே ஆண்டுகளில் அது 90 வீதத்தை அண்மித்தது. 1953 ஏப்ரலில் நாடளாவிய இதழாக வெளிவரத் தொடங்கிய 'ரீ.வி. கைட்', 1970களில் வாரந்தோறும் இரண்டு கோடிப் பிரதிகளை எட்டுமளவுக்கு விற்பனையாயிற்று. ஒரு நாட்டின் மக்கள் தமது மாலைப்பொழுதை ஒழுங்கு செய்துகொள்ள ஒரு நேரசூசியை விலைகொடுத்து வாங்கினர் என்பதே இதன் பொருள். ஆனால் அந்நேரசூசியை வகுத்தவர் யார்? தொடக்க காலத்தில் விளம்பரதாரரே நிகழ்ச்சிகளின் உடைமையாளராகவும் இருந்தனர். 1950களின் இறுதியில் வினாவிடைப் போட்டிகளில் நிகழ்ந்த மோசடிகள் வெளிப்பட்ட பின்னரே வலையமைப்புகளின் கை முற்றாக ஓங்கிற்று. 1977இல் டலஸ் ஸ்மைத் என்ற கனேடிய அறிஞர், இத்தொழிலின் உண்மையான பண்டம் நிகழ்ச்சியன்று, பார்வையாளரே என வாதிட்டார். அவ்வாறாயின், நேரசூசி என்பது அப்பண்டத்தை அரைமணிக் கூறுகளாகப் பொதிசெய்து விற்பதற்கான கணக்கேடு எனலாம். ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் 'ஓட்டம்' என விவரித்ததும், தனித்தனி நிகழ்ச்சிகளை ஒன்றோடொன்று பிணைத்துப் பார்வையாளரை எழவிடாது இருத்தும் இதே ஒழுங்கைத்தான்.

இக்கணக்கேட்டின் இயல்பு, அது சீராக இயங்கும்போது புலப்படுவதில்லை. அது முறிகின்ற வேளைகளிலேயே புலப்படுகின்றது.

1966 பெப்ரவரி 10ஆம் திகதி, வியட்நாம் யுத்தம் குறித்து செனற் சபையின் வெளிவிவகாரக் குழு முன் ஜோர்ஜ் கெனன் சாட்சியமளித்தார். என்.பி.சி. அதனை நேரடியாகக் காட்டிற்று. சி.பி.எஸ். மேலிடமோ வழமையான பகல்நேர நிகழ்ச்சிகளை அகற்ற மறுத்து, 'ஐ லவ் லூசி'யின் பழைய பாகமொன்றை மீளவும் ஒளிபரப்பிற்று. செய்திப் பிரிவின் தலைவர் ஃபிரெட் ஃபிரண்ட்லி சில நாட்களிற் பதவி துறந்தார். ஒரு நாட்டின் இளைஞர்கள் போர்க்களத்தில் மடிந்துகொண்டிருக்க, அப்போரின் நியாயம் பற்றிய விசாரணையைவிட, பலமுறை காட்டப்பட்ட நகைச்சுவை நாடகத்தின் விளம்பர வருவாய் மேலாகக் கருதப்பட்டது. அதே நாடகத்தையே இன்று பலர் பாசத்தோடு நினைவுகூர்கின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. லூசில் போலின் கலைத்திறன் அப்பாசத்துக்குத் தகுதியானதே.

இரண்டாண்டுகளின் பின், 1968 நவம்பர் 17ஆம் திகதி நிகழ்ந்தது பலரும் அறிந்த கதை. நியூ யோர்க் ஜெற்ஸ், ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணிகளுக்கிடையிலான அமெரிக்க உதைபந்தாட்டப் போட்டியில் ஜெற்ஸ் 32-29 என முன்னணியில் நின்றது. எஞ்சியிருந்தது 65 செக்கன்கள். மணி ஏழானதும் என்.பி.சி. போட்டியைத் துண்டித்து, முன்னரே விளம்பரதாரருக்கு விற்கப்பட்டிருந்த 'ஹைடி' என்னும் சிறுவர் படத்தைத் தொடங்கிற்று. நாட்டின் பெரும்பகுதி காணாத அந்த இறுதிக் கணங்களில் ரெய்டர்ஸ் இருமுறை எல்லையைக் கடந்து 43-32 என வென்றது. ஆட்டத்தைத் தொடர்ந்து காட்டுவதென மேலாளர்கள் இறுதி நேரத்தில் முடிவு செய்திருந்தனர். ஆனால் பார்வையாளரின் அழைப்புகள் நிறுவனத்தின் தொலைபேசி இணைப்பகத்தை முடக்கிவிட்டமையால் அம்முடிவு உரியவரைச் சென்றடையவில்லை. பண்டமாக எண்ணப்பட்டோர் வாய்திறந்ததும் பொறி நின்றுவிட்டது! இதனை நகைப்புக்குரிய விபத்தாகவே பலரும் எழுதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை.

எனினும் இவற்றைவிடப் பாரதூரமான விலக்கங்கள் உள்ளூர் நிலையங்களிலேயே நிகழ்ந்தன. மிசிசிப்பி மாநிலத்து ஜக்சன் நகரின் டபிள்யூ.எல்.பி.ரி. நிலையத்தின் ஒளிபரப்பெல்லையில் வாழ்ந்தோருள் ஏறத்தாழ 45 வீதத்தினர் கறுப்பின மக்கள். 1955இல் அவர்தம் சட்டத்தரணி தேர்குட் மார்ஷல் தோன்றிய என்.பி.சி. நிகழ்ச்சி அங்கு துண்டிக்கப்பட்டு, கம்பித்தொடர்பில் கோளாறு என அறிவிக்கும் அட்டை காட்டப்பட்டது. கோளாறு கம்பியில் இருக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்நிலையத்தின் அனுமதிப்பத்திரத்தை எதிர்த்து 1964இல் ஐக்கிய கிறிஸ்து திருச்சபை மனுச் செய்தபோது, அவ்வாறு முறையிடப் பார்வையாளருக்கு உரித்தே இல்லையென ஒளிபரப்பு ஆணைக்குழு கூறிற்று. 1966இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்நிலைப்பாட்டைத் தகர்த்து, பார்வையாளரும் வழக்கின் திறத்தவரே எனத் தீர்ப்பளித்தது. 1969இல் அனுமதியும் பறிபோயிற்று. அமெரிக்க ஒளிபரப்பு வரலாற்றில் பார்வையாளர் பண்டமென்ற நிலையிலிருந்து வழக்காடுவோராக எழுந்த தருணம் இதுவெனத் துணிந்து கூறலாம். கடந்தகால ஏக்கத்தோடு எழுதப்படும் நூல்கள் பலவற்றில் ஹைடிக்கு ஓர் அத்தியாயம் கிடைக்கும். ஜக்சனுக்கு ஓர் அடிக்குறிப்பும் கிடைப்பது அரிது. ஏக்கத்துக்கும் நிறமுண்டு.

வர்க்கமும் உண்டு. 1971இல் சி.பி.எஸ்., 'கிரீன் ஏக்கர்ஸ்', 'பெவர்லி ஹில்பில்லீஸ்' முதலான நாட்டுப்புற நகைச்சுவைத் தொடர்களை ஒருங்கே நீக்கிற்று. அவற்றுக்குப் பார்வையாளர் இல்லாமலில்லை. இருந்தோர் முதியவர்களாகவும் கிராமத்தவர்களாகவும் இருந்தமையே குற்றம். விளம்பரதாரர் நாடியது நகர்ப்புறத்து இளைய நுகர்வோரை. நாம் முதலில் குறிப்பிட்ட சனிக்கிழமை நேரசூசி, கலைநயத்தில் அதற்கு முந்தியவற்றினும் உயர்ந்ததே. ஆயினும் அது இவ்வெளியேற்றத்தின் மீதே எழுப்பப்பட்டது.

1975இல் பீற்றாமக்ஸ் நாடாப்பதிவுக் கருவி விற்பனைக்கு வந்தது. ஒளிபரப்பைப் பிறிதொரு வேளையிற் பார்ப்பதற்காக வீட்டிற் பதிவுசெய்தல் குற்றமன்று என 1984இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நால்வர் என்ற நூலிழைப் பெரும்பான்மையால் தீர்த்தது. நேரசூசியின் ஆட்சி அன்றே தளரத் தொடங்கியது எனலாம். 2005இல் 'ரீ.வி. கைட்' தனது உள்ளூர்ப் பதிப்புகளைக் கைவிட்டது. இன்று எந்நேரத்திலும் எதனையும் பார்க்கும் வசதியுடையோர், ஒருவர் விதித்த நேரத்துக்காகக் காத்திருந்த நாட்களுக்கு ஏங்குகின்றனர். அவர்கள் இழந்தது அவ்விதியையன்று. அதே கணத்தில் அயல்வீட்டாரும் அதனையே பார்த்துக்கொண்டிருந்தனர் என்ற உணர்வையே அவர்கள் தேடுகின்றனர். அவ்வுணர்வை வணிகம் உருவாக்கவில்லை, பயன்படுத்திக்கொண்டது.

ஒளிநாடா விலையுயர்ந்ததாக இருந்தமையால் வலையமைப்புகள் அதனை அழித்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தின. 1967 ஜனவரி 15இல் சி.பி.எஸ்., என்.பி.சி. இரண்டும் ஒரே வேளையில் ஒளிபரப்பிய முதலாவது 'சூப்பர் போல்' போட்டியின் முழு நாடாவைக்கூட அவற்றுள் ஒன்றேனும் பேணி வைக்கவில்லை. இத்தகைய பல ஒளிபரப்புகளுக்கு எஞ்சியுள்ள சான்று, யாரோ ஒருவர் தூக்கியெறியாது வைத்திருந்த வாரப் பட்டியலில் அச்சாகியுள்ள இரண்டு வரிகள் மாத்திரமே.