சாதி நாயும் பழக்கும் கலையும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

நாயைப் பழக்குவதற்கு ஒரு வரலாறு உண்டு என்று சொன்னால் நம் அறிவாளி நண்பர்கள் சிரிக்கிறார்கள். யானைக்கும் குதிரைக்கும் சாத்திரம் உண்டு, நாய்க்கு என்ன இருக்கிறது என்கிறார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலாக நாய்களோடு இருந்து, அவற்றைப் பழக்கியும் அவற்றால் பழக்கப்பட்டும் வருகிறவன் என்கிற முறையில் இந்தச் சிரிப்பை என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. எது அறிவு, எது வெறும் வழக்கம் என்று பிரிக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்கிற கேள்வி இதற்குள்ளேயும் இருக்கிறது.

அச்சில் கிடைக்கும் வரலாறு ஜெர்மனியில் தொடங்குகிறது. கொன்ராட் மோஸ்ட் பிரஷ்யப் போலீஸில் நாய் பழக்கியவர். 1910இல் அவர் எழுதிய கையேடுதான் பின்னால் வந்த ராணுவ, போலீஸ் நாய்ப் பள்ளிகள் பலவற்றுக்கும் மூலப்பிரதி. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் கூர்மையானவர். வெகுமதியோ தண்டனையோ செயல் நடந்த அந்த நொடியிலேயே வர வேண்டும், கொஞ்சம் பிந்தினாலும் நாய் அதை வேறொன்றோடு சேர்த்துக்கொள்ளும் என்பதை அவர் தெளிவாகப் பார்த்திருந்தார். ஆனால் அவருடைய முறையின் முதுகெலும்பு கட்டாயம்தான். முள் பட்டை, பிரம்பு, கடைசியில் பணிதல். 1962இல் அமெரிக்காவில் வெளியான வில்லியம் கோலரின் புத்தகம் இதையே நடுத்தர வர்க்க வீட்டின் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுவந்தது. பூக்கோ, பணிவுள்ள உடல்கள் பற்றிய தம் அத்தியாயத்தைச் சிப்பாயின் உருவத்திலிருந்து தொடங்குகிறார். சிப்பாய்க்குப் பக்கத்தில் அவர் ஒரு நாயையும் நிறுத்தியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நில், உட்கார், இடப்பக்கம் ஒட்டி நட என்று இரண்டு உடலுக்கும் ஒரே கட்டளைகள்தாம். நம்மூர் போலீஸ் நாய்க்கு இங்கிலீஷில்தான் ஆணை என்பதையும் இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நாய்க்கு எந்த மொழியானால் என்ன? மொழி தேவைப்படுவது கயிற்றைப் பிடித்திருக்கிறவருக்குத்தான்.

இந்த முறைக்கு விஞ்ஞான அங்கீகாரம் ஓநாயிடமிருந்து வந்தது. ருடால்ப் ஷென்கல் பாஸல் மிருகக்காட்சிசாலையில் அடைபட்ட ஓநாய்களைக் கவனித்து 1947இல் ஒரு கட்டுரை எழுதினார். கூட்டத்தில் தலைமைக்காக ஓயாத சண்டை, வென்றதே தலைவன் என்கிற சித்திரம் அதிலிருந்து பரவியது. டேவிட் மெக் 1970இல் எழுதிய ஓநாய் பற்றிய நூல் அதை உலகெங்கும் கொண்டுபோனது. 'நாய் உன்னைத் தலைவனாக ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் அது உன் தலையில் ஏறும்' என்று பழக்குநர்கள் ஓதிய மந்திரம் இதன் பிள்ளை. இதே மெக் பல வருஷம் காட்டு ஓநாய்களின் பின்னால் அலைந்துவிட்டு 1999இல் வேறு மாதிரி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். தாயும் தகப்பனும் முன்னால் போகின்றன, பிள்ளைகள் பின்னால் வருகின்றன. தலைவன் என்கிற சொல் அங்கே பொருந்தாது. தம் பழைய நூலை நிறுத்திவிடும்படி பதிப்பகத்தாரையே அவர் கேட்டுக்கொண்டார். அடைத்து வைத்த ஓநாய்களிடம் பார்த்ததை இயற்கையின் விதியென்று நம்பிய காலம் அரை நூற்றாண்டு! சிறையைப் பார்த்துவிட்டு மனித சுபாவம் இதுதான் என்று எழுதுவது மாதிரி.

எங்கள் கரிசல் பக்கம் கிடைக்காரர்கள் இந்த மந்திரத்தை ஓதி நான் கேட்டதில்லை. கிடை போடுகிறவர்கள் வருஷத்தில் பாதி நாள் வெட்டவெளியில் ராத்திரி தங்குவார்கள். நரிக்கும் திருடனுக்கும் நாய்தான் காவல். அவர்களில் ஒரு பெரியவரிடம் என் இருபது வயதில் போய் உட்கார்ந்து, "நாயை எப்படிய்யா பழக்குறீங்க?" என்று கேட்டேன். "பழக்குறதென்ன தம்பி, கூட இருக்க விடுறதுதான்" என்றார். கண் திறந்து, தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்த குட்டியைக் கொண்டுவந்து ஆட்டுக்குட்டிகளை அடைக்கிற கூடைக்குள் விடுவார். ஆட்டுப்பாலைக் கொட்டாங்கச்சியில் பீய்ச்சி வைப்பார். மூன்று மாதம் அது ஆட்டுக்குட்டிகளின் மேல் படுத்துத் தூங்கும், அவற்றிடம் முட்டு வாங்கும். அதற்கப்புறம் அதற்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆடு எங்கே போகிறதோ அங்கே நாய் போகும். "அது காவல் காக்குதுன்னு நாமதான் சொல்றோம். அது தன் பொறப்போட இருக்கு, அம்புட்டுதான்."

ஸ்காட், புல்லர் என்கிற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பல ஆண்டுக்கால ஆய்வுக்குப் பிறகு 1965இல் வெளியிட்ட பெரிய நூலின் முக்கியமான முடிவுகளில் ஒன்று இதேதான்: நாய்க்குட்டியின் மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைக்குமான காலத்தில் எவற்றோடு அது சேர்ந்து வாழ்கிறதோ அவற்றையே அது தன் உறவாகக் கொள்ளும். கிடைக்காரரின் மூன்று மாதமும் இந்தப் பன்னிரண்டு வாரமும் ஒன்றுதான். ஒன்று விஞ்ஞானமென்று பெயர் பெற்றது. மற்றது ஆட்டுக்காரன் பேச்சாகவே நின்றுவிட்டது. பெரியவர் எல்லாம் அறிந்தவர் என்று புனிதப்படுத்துவது என் நோக்கமல்ல. நாய்க்கு நோய் வந்தால் காதில் சூடு வைப்பவர்தான் அவர்.

மோஸ்ட் வழிக்கு மாற்றாக வந்த ஸ்கின்னர் வழி பற்றியும் ஒரு வார்த்தை. அடிக்காதே, சரியாகச் செய்த கணத்தில் ஒரு சத்தம் கொடுத்துத் தீனி போடு என்றார் அவர், 1951இல். இன்று உலகெங்கும் நடப்பது பெரும்பாலும் இதன் வழித்தோன்றல். நானும் இப்படித்தான் பழக்குகிறேன், பலன் இருக்கிறது. ஆனால் இதற்குள்ளும் விலங்கு ஒரு வெற்றுப் பலகை என்கிற எண்ணம் ஒளிந்திருந்தது. ஸ்கின்னரின் மாணவர்களான பிரேலண்ட் தம்பதியர் காசை உண்டியலில் போட ரக்கூனைப் பழக்கினார்கள். ஒரு காசு வரைக்கும் சரியாக இருந்தது. இரண்டு காசு கொடுத்ததும் அது காசுகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தது, போடவில்லை. இரையைக் கழுவித் தின்கிற அதன் சுபாவம் தீனியையும் மீறி எழுந்து வந்துவிட்டது. 1961இல் இதை அவர்கள் கட்டுரையாகவே எழுதினார்கள். எந்தப் பழக்கத்துக்கும் அடியில் பழக்க முடியாத ஒன்று மிச்சமிருக்கிறது. கரிசல் ஓரத்தில் முயலைக் கண்டுவிட்ட வேட்டை நாயை, கையில் கறித்துண்டை வைத்துக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

இனி, தமிழில் ஒரு சொல்லைக் கவனிக்கலாம். பரம்பரை தெரிந்த நாயை நாம் 'சாதி நாய்' என்கிறோம். இது தற்செயலல்ல. தூய இனம் என்கிற எண்ணத்துக்கு ஐரோப்பாவில் வயது அதிகமில்லை. 1859இல் நியூகாசிலில் நடந்த நாய்க் கண்காட்சியைத்தான் நவீனக் கண்காட்சிகளின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். 1873இல் லண்டனில் கென்னல் கிளப் வந்தது. அதன்பின் வம்சாவளிப் பதிவேடு, உடல் அளவுகள், நிறம், மூக்கின் வண்ணம். அதுவரை நாய்க்கு அது செய்கிற வேலையை வைத்தே பெயர். பதிவேடு வந்த பிறகு பிறப்பால் பெயர். இந்த எண்ணம் நம்மூருக்கு வந்தபோது அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை, சொல் தயாராக இருந்தது. ராஜபாளையம் நாய் வெள்ளையாக, மூக்கு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும் என்றாயிற்று. வேறு நிறக் குட்டிகளைக் கழித்துக்கட்டினார்கள். அந்த வெள்ளைக்கு விலையாகச் செவிட்டுக் குட்டிகள் பிறந்தன. செவிட்டு நாயை வேட்டைக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைதான் ஏது? வேலை போனது, சாதி மட்டும் நின்றது. 1980களின் தொடக்கத்தில் தமிழக அரசு சைதாப்பேட்டையில் நாட்டு இனங்களுக்காக ஒரு பெருக்க நிலையம் தொடங்கியதும், 2005இல் ராஜபாளையம் நாய் தபால்தலையில் ஏறியதும், 2020இல் பிரதமர் வானொலியில் நாட்டு நாய் வளர்க்கச் சொன்னதும் நல்ல காரியங்களே. அந்த நாய்களோடு சேர்ந்து நடந்தவர்களின் அறிவு எதிலும் ஏறவில்லை.

வேறொரு நினைவும் நம்மிடம் இருக்கிறது. செங்கம் வட்டார நடுகற்களில் எடுத்தனூர்க் கல் ஒன்று உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமை மந்தைக்காக இறந்த ஒரு வீரனும் அவனுக்குப் பின்னால் ஒரு நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுத்து சொல்கிறது. கர்நாடகத்து ஆதகூர்க் கல் இன்னும் விசித்திரமானது. சோழ இளவரசன் ராஜாதித்தன் மடிந்த தக்கோலப் போருக்குப் பின், வென்ற கங்க மன்னன் பூதுகன் தன் வீரன் மணலேரனை வேண்டியதைக் கேள் என்கிறான். அவன் கேட்டது காளி என்கிற நாயை. அது பின்னால் ஒரு பன்றியோடு மோதிச் செத்தபோது அதற்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள். இரண்டு கல்லிலும் நாய்க்குப் பெயர் இருக்கிறது, செய்த செயல் இருக்கிறது. அது என்ன சாதி, என்ன நிறம் என்கிற பேச்சே இல்லை.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கல் நட்டவர்களின் சமூகத்திலும் மேல் கீழ் இருந்தது. ஆனால் இந்த நூற்றாண்டில், மதுரை மாவட்டத்தின் சில ஊர்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்கிற கட்டுப்பாடு இருந்ததைத் தீண்டாமை பற்றிய கள ஆய்வுகள் வெளிக்கொண்டுவந்தன. காரணம் விளக்க வேண்டியதில்லை. சேரி நாய் ஊர்த் தெருவின் பெட்டை நாயோடு சேர்ந்துவிடக் கூடாது. பதிவேடும் கென்னல் கிளப்பும் எட்டிப்பார்க்காத ஊர்களில் இந்தப் பதிவேடு மட்டும் யாரும் எழுதாமலே நடந்துகொண்டிருந்தது.

இப்போது என்னிடம் இருப்பது கன்னி நாய்க்கும் தெருநாய்க்கும் பிறந்த ஒரு கருப்புப் பெட்டை. போன மாதம் ஒரு வியாபாரி வந்து பார்த்துவிட்டு, "நல்லா பழக்கியிருக்கீங்க, ஆனா சாதி கலந்திருச்சே சார், விலை போகாது" என்றார். விற்பதற்கு இல்லை என்றேன். அவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.